டிசைன் ரெடியாம், கேள்வியத்தான் காணாம்

தாயி, எம்.டி.க்குச் சேந்து இன்னும் மூச்சு விடல, அதுக்குள்ள தீசிஸுக்கு சினாப்சிஸ் குடுன்னு நெருக்குறாகன்னு போன்ல மூக்க உறிஞ்சுனியாமே. அப்பத்தா சொன்னா. அழுவாத. உங்க அய்யா மலேரியா டிபார்ட்மெண்டுல டி.டி.டி. அடிச்சுப்புட்டு வீட்டுக்கு வீடு செவுத்துல தேதி எழுதிட்டு வந்தவன். டேட்டாவுல எனக்குத் தெரியாத சூதா? நான் சொல்றபடி கேளு, மூணு வருசமும் நோகாம நொங்கு திங்கலாம்.

மொதக் காரியம், கேள்வின்னு ஒண்ண மனசுலயே வச்சுக்காத. கேள்வி வந்தா பதில் தேடணும். பதில் தேடுனாப் பாடு. பேசாம லைப்ரரிக்குப் போ, ரெண்டு பேட்சுக்கு முந்துன சீனியரோட தீசிஸ எடு, தூசியத் தட்டு. வருசத்த மாத்து, ஆஸ்பத்திரிப் பேர மாத்து, ‘ஆண்களிடையே’ன்னு இருந்தா ‘பெண்களிடையே’ன்னு போடு. டிசைனா? அத நீ ஏன் தேடுற? உன் கைடு எந்த டிசைன்ல பட்டம் வாங்குனாகளோ, அதான் உலகத்துலயே ஒசந்த டிசைன். அவுக கிராஸ் செக்‌ஷனல் பண்ணியிருந்தா நீயும் அதே பண்ணு. அதுல ஒரு சொகம் இருக்கு. ஒரு ஆள ஒரு தடவ பாத்தாப் போதும். ஆறு மாசங் கழிச்சு வாங்கன்னு கெஞ்ச வேணாம், வராதவன் வீடு எங்கன்னு தேட வேணாம்.

இந்த வகையில எனக்கு ரொம்பப் பழக்கம். நான் டாக்டரு பக்கம் இல்ல, பதில் சொல்ற பக்கம். நம்ம திண்ணையில எத்தன புள்ளைக வந்து உக்காந்து எழுதிட்டுப் போயிருக்கும்! அறிவு, மனப்பான்மை, பழக்கம்னு மூணையும் ஒரே தாள்ல அளந்துருங்க. அப்புடித்தான் ஒரு புள்ள, நல்ல புள்ள, வேர்வையத் தொடச்சுக்கிட்டே கேட்டுச்சு: “தாத்தா, ஒரு நாளைக்கு எத்தன கிராம் உப்பு சேத்துக்குறீங்க?” நான் என்ன தராசு வச்சுக்கிட்டா கஞ்சி குடிக்கிறேன்? ஆனா ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவுத்துல அஞ்சு கிராமுக்குக் கீழன்னு பெருசா எழுதி ஒட்டியிருக்கு. பி.பி. மாத்திரைக்கு வரிசையில நிக்கிறப்பயெல்லாம் அதத்தான் வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிப்பேன். “அஞ்சுக்கு உள்ளதான்த்தா”ன்னேன். புள்ள மொகத்துல அம்புட்டு சந்தோசம். டிக்கு அடிச்சுக்கிருச்சு. உள்ளருந்து உங்க அப்பத்தா கருவாட்டுக் கொழம்பு வாசத்தோட எட்டிப் பாத்துச் சிரிச்சா. அந்தச் சிரிப்புக்கு அந்தத் தாள்ல கட்டம் இல்ல. நம்ம ஊருல அறிவும் பழக்கமும் அமோகமா இருக்குன்னு எங்கயோ ஒரு அலமாரியில பைண்டு போட்டு இருக்கும்.

கிராஸ் செக்‌ஷனல் மட்டமுன்னு சொல்ல வரல. ‘நம்ம வட்டாரத்துல எத்தன கர்ப்பிணிக்கு ரத்தம் கம்மி’ன்னு கேட்டா, அதுக்கு அதுதான் சரி. போய் எண்ணிட்டு வரவேண்டியதுதான். ஆனா ‘எதனால கம்மியாச்சு’ன்னு அதே தாள வச்சுக்கிட்டுக் கேட்டா அது திருதிருன்னு முழிக்கும். முருங்கக்கீர திங்காததால ரத்தம் கொறஞ்சுச்சா, ரத்தம் கொறஞ்சவளுக்கு டாக்டரு சொல்லி இப்பத்தான் கீரை திங்க ஆரம்பிச்சாளா? ஒரே நாளுல ரெண்டையும் கேட்டா முந்துனது எது பிந்துனது எது?

நம்ம கொத்தமங்கலத்துப் பக்கம் ஒருத்தரு போர் போட்டாரு. தண்ணி எங்க ஓடுதுன்னு பாக்கல. போர் லாரி உள்ள போயி நிக்க எங்க தோதோ அங்க போட்டாரு. புழுதி பறந்துச்சு, அடிக்கு இம்புட்டுன்னு காசு போச்சு, தண்ணி மட்டும் வரல. லாரி நல்லா நின்னுச்சு. டிசைன மொத எடுத்துக்கிட்டு அதுக்குக் கேள்வி தேடுற சோலியும் அதான் தாயி.

சரி, எனக்காக ஒண்ணு சொல்லு. வார்டுல எது உன்னத் தூங்கவிடல? போன தடவ வந்தப்ப நீயே சொன்ன. கண்ணாடி விரியன் கடிச்சு வந்த ஆளு, கால் வீங்கி, ரத்தம் ஒறையாம, ரெண்டு நாளுல ஒண்ணுக்கே போகாம கிட்னி நின்னுபோச்சுன்னு. கையில இருந்த தோசையக் கீழ வச்சுட்டுச் சொன்ன. அந்தா, அங்க கெடக்கு உன் தீசிஸு. அத விட்டுப்புட்டு சீனியரு அலமாரியில என்னத்த நோண்டுற?

பாம்புக்கடின்னு தலைப்ப மட்டும் எழுதிட்டு நிக்காத. அதுக்குள்ள எத்தன கேள்வி கெடக்குன்னு பாரு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு டிசைனக் கையப் புடிச்சு இழுக்கும்.

யாருக்குக் கடிக்குதுன்னு கேளு. நம்ம பக்கம் மும்முனைக் கரண்டு ஒரு வாரம் பகல்ல, ஒரு வாரம் ராத்திரியில வந்த காலத்துல நடுச்சாமத்துல மோட்டாரு போடப் போவாக. வாய்க்கா மடைய மாத்த வரப்புல நடப்பாக. கடலக்கொல்லையில எலி, எலிக்குப் பின்னாடி விரியன். டார்ச்சும் செருப்பும் காப்பாத்துமான்னு உனக்கு ஒரு சந்தேகம்னு வையி. இதுக்கு ஆயிரக்கணக்குல ஆளச் சேத்து, யாருக்குக் கடிக்குதுன்னு காத்துக்கெடக்க உன் மூணு வருசம் பத்தாது. கேஸ் கண்ட்ரோல் எடு. கடிபட்டவுகளையும் கடிபடாதவுகளையும் வச்சு, அன்னைக்கு ராத்திரி காலுல என்ன, கையில என்னன்னு கேளு.

இங்கதான் புத்திசாலிப் புள்ளைக சறுக்குறது. கடிபடாத ஆளுக்கு எங்க போவ? பக்கத்து வார்டுல எலும்பு முறிஞ்சு படுத்திருக்கானே, அவனப் புடிச்சுக்கலாமுன்னு தோணும். படுத்துக் கெடக்குறான், ஓடமாட்டான், வசதிதான். ஆனா அவன் டவுன்ல பைக்குல விழுந்தவன் தாயி. ராத்திரி வரப்புல நடந்தவனே இல்ல. அவன் ஷூ போட்டிருந்தான்னு எழுதி, ஷூ போட்டவனப் பாம்பு கடிக்காதுன்னு முடிச்சிருவ. கடிபட்டவனோட பக்கத்துக் கொல்லைக்காரனத் தேடு. அதே வாரம், அதே இருட்டுல, அதே வாய்க்காலுக்குப் போயி முழுசாத் திரும்பி வந்தவன். அவன் ஆஸ்பத்திரியில இருக்கமாட்டான். நீதான் பஸ் ஏறி வரணும். அப்பறம் இன்னொண்ணு. கடிபட்டவன் பத்து நாளும் படுக்கையில அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கான், செருப்பு போடாமப் போயிட்டமேன்னு. அவனுக்கு எல்லாம் துல்லியமா ஞாபகம் இருக்கும். பக்கத்துக் கொல்லைக்காரனக் கேட்டா, “போன வாரமா? போட்டிருப்பேன்”ம்பான். ரெண்டு பேருட்டயும் ஒரே பாங்குல, ஒரே தாள வச்சு, முடிஞ்ச வரைக்கும் சுருக்காக் கேட்டாத்தான் ஏதோ தேறும்.

இல்ல அய்யா, எனக்கு வார்டுக்குள்ளயே ஒரு கேள்வி வேணும்கிறியா? இருக்கே. ரெண்டு மில்லி ரத்தத்த எடுத்து, சுத்தமான காஞ்ச கண்ணாடிக் குழாயில விட்டு, ஆட்டாம அசைக்காம 20 நிமிசம் வச்சு, ஒரே ஒரு தடவ சாச்சுப் பாப்பீகளே. ஒறையலன்னா விசம் ஏறிருச்சுன்னு மருந்து போடுவீக. லேபு இல்லாத ஊருக்கு அதான் லேபு. அது எந்த அளவுக்கு நெசஞ் சொல்லுது? இதுக்கு கேஸ் கண்ட்ரோலும் வேணாம், குலுக்கலும் வேணாம். பாம்பு கடிச்சுதுன்னு வர்ற அம்புட்டுப் பேருக்கும், விசம் ஏறுனவன் ஏறாதவன்னு பாக்காம, குழாயையும் வையி, லேபுல ஐ.என்.ஆரும் பாரு. ரெண்டையும் ஒப்பிடு. குழாயப் பாக்குறவுகளுக்கு லேபு முடிவு தெரியக் கூடாது. பல்லீறுல ரத்தம் ஒழுகுறவன ஒரு பக்கமும், நல்லா இருக்குற நர்ஸம்மாவ மறுபக்கமும் வச்சுச் சோதிச்சா எந்தக் குழாயும் நூத்துக்கு நூறு வாங்கிரும். உனக்குக் கொழப்பமே நடுவுல இருக்குற ஆளுட்டத்தான?

லேட்டா வந்தவனுக்குத்தான் கிட்னி போகுதாங்கிறது இன்னொரு கேள்வி. இதக் கேட்ட ஒடனே புள்ளைக என்ன பண்ணுங்க, ரெக்கார்டு ரூமுக்குப் போயி அஞ்சு வருசத்து கேஸ் ஷீட்டக் கட்டுக் கட்டா எறக்குங்க. ரெட்ரோஸ்பெக்டிவ். ஏசியில உக்காந்துக்கிட்டே முடிச்சிரலாம். கேஸ் ஷீட்டுல கடிச்ச நேரம்னு இருக்குற எடத்துல என்ன எழுதியிருக்கும்? ‘நேற்று இரவு’. நேத்து ராத்திரி எட்டு மணியும் ராத்திரிதான், ரெண்டு மணியும் ராத்திரிதான். எவனோ ஒரு ஹவுஸ் சர்ஜன் கொட்டாவி விட்டுக்கிட்டே எழுதுனது, உன் தீசிஸ மனசுல வச்சுக்கிட்டா எழுதியிருப்பான்? அதனால இன்னைக்கே ஆரம்பிச்சு, வர்ற ஒவ்வொருத்தரையும் வாசல்லயே மடக்கி நேரத்தக் கேட்டு எழுதி, கிட்னி என்னாகுதுன்னு பின்தொடரு. கோஹார்ட்டுன்னு பேராமே அதுக்கு. அப்பவும் ஏமாந்துராத. நல்லா விசம் ஏறுனவனத்தான் பதறியடிச்சு 108-ல தூக்கிப் போட்டுக் கொண்டாருவாக. சும்மா பல்லு பட்டவன் பச்செல கட்டிக்கிட்டு, மறுநா சாவகாசமா பஸ்ஸுல வருவான். சீக்கிரம் வந்தவனுக்குத்தான் கிட்னி கெடுதுன்னு உன் கணக்கு சத்தியம் பண்ணும்! வழியிலயே போய்ச் சேந்தவனோ உன் நோட்டுக்கே வரமாட்டான். கணக்கு தப்பா இருக்காது. ஆனா ஊருக்கு ஆகாது.

இத்தனைய நான் சொன்னதும் நீ என்ன கேப்பன்னு தெரியும். “குலுக்கல் போட்டுப் பிரிக்கிற ஆர்.சி.டி. பண்ணாத்தான அய்யா மதிப்பு?” ஆமா தாயி, சபையில அதுக்குத்தான் சால்வை. அதனால பாம்புக்கடிக்காரவுகள ரெண்டாப் பிரிச்சு, பாதிப் பேருக்கு விசமுறிவு மருந்து, பாதிப் பேருக்கு தண்ணி ஊசின்னு போட்டுப் பாரேன். எதிக்ஸ் கமிட்டிக்காரவுக உனக்கு டீயும் பன்னும் குடுத்து அனுப்பிருவாக, திரும்ப வராதன்னு.

வெள்ளக்காரவுக இதுலயும் ஒரு கூத்துப் பண்ணியிருக்காக. விமானத்துலருந்து குதிக்கிறவனுக்கு பாராசூட் உதவுமான்னு குலுக்கல் போட்டு நெசமாவே ஆராய்ச்சி பண்ணி, 2018-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல போட்டாக. 23 பேரு குதிச்சாக. பாதிக்குப் பாராசூட்டு, பாதிக்கு வெறும் பை. முடிவு? ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல, ஒருத்தருக்கும் அடி இல்ல. ஏன்னா விமானம் தரையில நின்னுச்சு. குதிச்ச ஒசரம் ரெண்டடி. கிண்டலுக்குப் பண்ணுனதுதான், ஆனா எத்தன தீசிஸு ரெண்டடியில குதிச்சுட்டு முடிவுரை எழுதியிருக்குன்னு உனக்கே தெரியும். நோவு கம்மியா உள்ளவுகளாப் பொறுக்கிச் சேத்து, அதுலயும் நாலு பேரச் சேத்து, மருந்தால பிரயோசனம் இல்லங்கிறது.

குலுக்கல் போட வேண்டிய எடத்துல போட்டாத்தான் அதுக்கு வீரியம். நம்ம மெட்ராசுலயே 1956-ல போட்டாக. காசம் வந்தா சானடோரியத்துல வருசக்கணக்குல படுக்கணும். நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு இருந்தாத்தான் சொகமாகும்னு பெரிய பெரிய டாக்டரெல்லாம் நம்புன காலம். கட்டிலோ கையளவு, நோயாளியோ ஊரளவு. வீட்டுலயே வச்சு மாத்திர குடுத்தா என்னாகும்? ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாதுங்கிறதுதான் அங்க முக்கியம். சேத்துப்பட்டுல இருக்குற காசநோய் ஆராய்ச்சி நிலையம் அப்ப பொறந்த கையோட 193 நோயாளிகளச் சேத்தாக. வீடா சானடோரியமான்னு டாக்டரு மொகத்தப் பாத்து முடிவு பண்ணல, குலுக்கல் முடிவு பண்ணுச்சு. ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மருந்து, ஒரு வருசம். வீட்டுல இருந்தவுக நெருக்கடியான வீட்டுல கெடந்தாக, சத்தில்லாததத் தின்னாக, பாதியில வேலைக்கும் போனாக. இருந்தும் கிட்டத்தட்ட சானடோரியத்துக்காரவுக அளவுக்கே தேறுனாக. கூட இருந்த பொண்டாட்டி புள்ளைகளுக்கும் அதனால அதிகமா ஒட்டல. 1959-ல உலக சுகாதார நிறுவனத்தோட ஏட்டுல வந்துச்சு. அதுக்கப்பறம் உலகம் பூராவும் சானடோரியக் கட்டிலு காலியாக ஆரம்பிச்சுச்சு. ஃபாக்ஸுங்கிற வெள்ளக்கார டாக்டரு தலைமை. கூட நின்னவுக நம்மாளுக. மாத்திரைய ஒழுங்கா முழுங்குறாகளான்னு வீடு வீடாப் போயிப் பாத்தாக பாரு, அந்த நடைதான் பெருசு. எந்த டிசைன் புத்தகத்துலயும் அதுக்கு ஒரு அத்தியாயம் கெடையாது.

பிறகு 1968-ல செங்கல்பட்டுப் பக்கம் பி.சி.ஜி. ஊசிக்கு ஒரு குலுக்கல். ரெண்டரை லட்சம் பேருக்கு மேல, 15 வருசம் பின்தொடந்தாக. கடைசியில பெரியவுகளுக்கு வர்ற நுரையீரல் காசத்த அது தடுக்கலன்னு தெரிஞ்சுச்சு. ‘இல்ல’ன்னு ஒரு பதிலு வாங்க அம்புட்டுப் பாடு. உன் தீசிஸுல பி வேல்யூ வரலன்னு ராத்திரியில போன் பண்ணி அழுவாத. அந்த ‘இல்ல’யும் ஒரு பதில்தான்.

உன் கூட்டாளி ஒருத்தன், சர்ஜரி படிக்கிறவன், ஜல்லிக்கட்டுல குத்துப்பட்டவுகளப் பத்தி எழுதப் போறான்னு சொன்னியே. நல்ல புள்ள. நம்ம புதுக்கோட்டை மாவட்டத்த விட்டா அதுக்கு வேற எடம் ஏது? தச்சங்குறிச்சியில வருசத்தத் தொடங்கி வைகாசி வரைக்கும் வாடிவாசலு ஓயாது. ஆனா அவன் ஆஸ்பத்திரிக்கு வந்த கொடலையும் தொடையையும் எண்ணி, இத்தனை பேருக்கு வயித்துல, இத்தனை பேருக்கு மாருலன்னு எழுதிட்டு, கடைசியில ஜல்லிக்கட்டு இம்புட்டு ஆபத்துன்னு முடிப்பான். இம்புட்டுன்னா எதுல இம்புட்டு? எறங்குனது எத்தன பேரு? அந்தக் கணக்கு ஆஸ்பத்திரியில இல்ல, களத்துல இருக்கு. இப்ப வீரருகளுக்கு டாக்டரு சோதன பண்ணி, பேரு பதிஞ்சு, நம்பரு போட்ட பனியன் குடுத்து, சுத்துச் சுத்தா எறக்குறாக. அந்த லிஸ்ட வாங்குனாப் பாதி கோஹார்ட்டு ரெடி. மீதிப் பாதிக்கு வம்பு இருக்கு. 2019-ல விராலிமலையில 1,300-க்கு மேல காளை அவுத்தாகளே, அன்னைக்குச் செத்த ரெண்டு பேரும் வேடிக்க பாக்கப் போனவுக. பனியன் லிஸ்டுல அவுக பேரு இருக்காது. அவன ஒரு நாளைக்கு என்கிட்ட அனுப்பு, கேலரிக்குப் பின்னாடி மாடு எந்தப் பக்கம் ஓடும்னு காட்டுறேன்.

கேள்வி எங்கருந்து வரும்னு கேட்டா நம்ம புதுக்கோட்டைலயே பதில் இருக்கு. 1886-ல இங்க பொறந்த முத்துலெட்சுமி அம்மா, ராசா கல்லூரியில மொதப் பொண்ணா நுழஞ்சு, 1912-ல மெட்ராசுல டாக்டராகி வெளிய வந்தாக. தங்கச்சிய புத்துநோயிக்குப் பறிகொடுத்தாக. அந்த வேதனைய இடுப்புல முடிஞ்சுக்கிட்டே அலஞ்சு, 1954-ல அடையாறு ஆஸ்பத்திரியத் தெறந்தாக. அதே ஆஸ்பத்திரியில அவுக மகன் கிருஷ்ணமூர்த்தி டாக்டரும் சாந்தா அம்மாவும் 1959-ல வாய்ப்புத்து வந்தவுகளையும் வராதவுகளையும் வச்சு, வெத்தலை பொகையில பழக்கத்த விசாரிச்சு எழுதுனாக. அன்னைக்கு கம்ப்யூட்டரா, சாப்ட்வேரா? ஓ.பி. வாசல்ல நின்னு, பொகையில கன்னத்துல எந்தப் பக்கம் அடக்குவன்னு கேட்டாலே பாதி தெரிஞ்சுரும்.

இன்னொரு சூட்சுமம். சாம்பிள் சைஸுக்கு புள்ளிவிவரக்காரரக் கடைசியிலதான் பாக்கணும்னு சீனியருக சொல்லுவாக. மூணாம் வருசம், எக்ஸல் சீட்ட நெரப்பிக்கிட்டு, பழமும் தட்டுமாப் போயி, “சார், இதுல எதாச்சும் சிக்னிபிகண்டா வரவச்சுக் குடுங்க”ன்னு நிக்கணுமாம். ஃபிஷருன்னு ஒரு மேதை 1938-ல இந்தியாவுல புள்ளிவிவர மாநாட்டுல தலைம தாங்குனப்பயே இதச் சொல்லிட்டாரு: எல்லாம் முடிஞ்ச பெறகு வந்தா நாங்க பண்ணுறது போஸ்ட்மார்ட்டம்தான், எதுனால செத்துச்சுன்னு வேணா சொல்லலாம்னு. நீ மொத மாசமே போ. தட்டு வேணாம், கேள்விய ஒரே வரியில எழுதிக் கொண்டு போ. ஒரு வரியில அடங்கலன்னா அவரப் பாக்கப் போகாத, இன்னொரு ராத்திரி வார்டுல நில்லு.

காகித வேல இருக்கு, அது இருந்துட்டுப் போகட்டும். அயப்பாக்கத்துல இருக்குற தொற்றுநோயியல் நிறுவனத்தோட ஆன்லைன் கோர்ஸ எல்லாரும் முடிக்கணுமாம்ல. ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டுட்டு நகம் வெட்டாத, டிசைனப் பத்தி அங்க நல்லாவே சொல்றாகன்னு கேள்வி. மருந்து, சிகிச்சன்னு எதையாச்சும் மாத்திக் குடுத்துப் பாக்குறதா இருந்தா சி.டி.ஆர்.ஐ.ங்கிற ஆராய்ச்சிப் பதிவேட்டுல பதியணும். 2018 ஏப்ரல்லருந்து மொத ஆளச் சேக்குறதுக்கு முன்னாடியே பதியணும்னு ஆக்கிட்டாக. தேதிய முன்னுக்குப் பின்ன எழுதலாமுன்னு யாராச்சும் யோசனை சொன்னா என்னையக் கேளு. செவுத்துல எழுதுன தேதிக்கே கலெக்டரு ஜீப்பு வந்து நின்ன காலம் எனக்குத் தெரியும்.

சரி, கொழாய் டெஸ்டுதான் பண்ணப் போறேன்னா, வார்டுல அந்தக் கொழாய யாரு கழுவுறாகன்னு மொதப் பாரு. சோப்பு போட்டுக் கழுவுனா ஒறைய வேண்டிய ரத்தமும் ஒறையாது, பிளாஸ்டிக்கா இருந்தாலும் அதே கததான். பாம்பே கடிக்காதவனுக்கு மருந்து ஏத்திருவீக. கழுவுற அக்காவுக்கு ஒரு வடை வாங்கிக் குடுத்து விசயத்தச் சொல்லி வையி. மழ பேஞ்சு கடலைக்குக் களையெடுக்க ஆரம்பிச்ச ஒடனே நான் போன் பண்றேன். அந்த வாரத்துல லீவு எதுவும் போட்டுறாத, நைட் டூட்டி கேட்டு வாங்கிக்க.